டாக்டரம்மாவின் கறுப்புக் கண்ணாடி

டாக்டரம்மாவிடம் எதைச் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். “யார் பாத்தா?”

மூன்றாம் கட்டில்காரிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்பேன். “யார் பாத்தா?” நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன் என்றால் செல்லாது. தெர்மாமீட்டரை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை டிகிரி என்று சொல்ல வேண்டும். பிள்ளை பால் குடித்தது என்றால் எவ்வளவு நேரம் குடித்தது என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் சமையல்கார அம்மா, “மழை வருது, கொடியில கெடக்க துணிய எடுக்கணும்” என்றதற்கு, டாக்டரம்மா எழுந்து போய் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, நனைந்த விரல்களைப் பார்த்துவிட்டு, “ஆமா, பெய்யுது” என்றார். அதற்குள் பாதித் துணி நனைந்துவிட்டது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அவரிடம் நர்ஸாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சுரண்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். டாக்டரம்மா தென்காசியில் ஒரு வாடகை வீட்டை ஆஸ்பத்திரியாக்கி, ஆறு கட்டில் போட்டு, பிரசவம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நல்ல உயரம். முன்பற்கள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நகை எதுவும் கிடையாது, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம் ஒன்றுதான். சின்னக் கறுப்புக் கார் ஒன்றை அவரே ஓட்டுவார். கார் ஓட்டுகிற பெண்ணை அந்தப் பக்கத்து ஜனங்கள் அதுவரை பார்த்ததில்லை. கடையநல்லூரில் ஒரு தெருவுக்குள் கார் நுழைந்தால் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார்கள். அவருடைய பல்லைப் பற்றியும் உயரத்தைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். டாக்டரம்மா காதில் விழாத மாதிரிப் போவார். எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது.

அவருடைய தம்பி கப்பலில் இன்ஜினியர். வருஷத்துக்கு ஒரு பார்சல் அனுப்புவார். நான் சேர்ந்த மறுவருஷம் சித்திரையில் வந்த பார்சலில் ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. கூட இருந்த கடிதத்தை டாக்டரம்மா எனக்கு வாசித்துக் காட்டினார். இது கடைகளில் விற்கிற சாதாரணக் கூலிங் கிளாஸ் இல்லை, போலரைஸ்டு என்பார்கள், தண்ணீரிலும் தரையிலும் பட்டுத் தெறித்து வருகிற வெளிச்சத்தை இது தடுத்துவிடும், கப்பலில் நாங்கள் போடுகிறோம், கார் ஓட்டும்போது நீ போட்டுக்கொள் என்று எழுதியிருந்தது.

டாக்டரம்மா அதை மாட்டிக்கொண்டு, கை கழுவும் தொட்டிக்கு மேலே தொங்கிய கண்ணாடியில் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “எப்படி இருக்கு?” என்று கேட்டார். அப்படி அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. “சினிமாவுல கொள்ளைக்காரன் போட்டுட்டு வருவாம்லா, அது மாதிரி இருக்கு டாக்டரம்மா.”

அவரும் சிரித்தார். உடனே கழற்றினார். “தென்காசியில என்ன கடலா இருக்கு? தம்பிக்கு வேற வேலையில்ல” என்று டப்பாவில் வைத்து மூடி, மேஜை டிராயருக்குள் போட்டார். அதோடு நான் அதை மறந்துவிட்டேன்.

ஆனியில் குற்றாலத்தில் சீசன் தொடங்கியது. ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் இலஞ்சியிலிருந்து ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றார். தலைப்பிரசவமாம். பிள்ளையின் கை முதலில் வெளியே வந்துவிட்டதாம். “மருத்துவச்சி கைய விரிச்சிட்டா, நீங்கதான் வரணும்” என்று அழுதார். ஐந்து நிமிஷத்தில் கிளம்பினோம். டாக்டரம்மா ஓட்ட, நான் பக்கத்தில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோடு மேற்குப் பார்த்துப் போவது. சாயங்காலமானால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். சீசனில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். சாரல் விழுந்துகொண்டிருக்கும்போதே வெயிலும் அடிக்கும். அன்றைக்கு மேலகரம் தாண்டியதும் சாரல் நின்றுவிட்டது, வெயில் மட்டும் இருந்தது. தகரத்தை உருக்கி ஊற்றினாற்போல ரோடு முழுக்க ஒரே வெளுப்பு. டாக்டரம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஸ்டியரிங்கின் மேல் குனிந்தபடி ஓட்டினார். வேகமில்லை. எனக்குக் கண் கூசியது, தலையைக் குனிந்துகொண்டேன். அதனால் நான் எதையும் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன்.

அடிபட்டவர் மேலகரத்துக்காரர். அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் டாக்டரம்மா கையில் பிறந்தவர்கள். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு நின்றது. பின்னால் கட்டியிருந்த பெட்டி உடைந்து, ரோடெல்லாம் நல்லெண்ணெய் வாசம். நான் முழங்காலிட்டு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். டாக்டரம்மா குடைக்கம்பை ஒடித்து இரண்டு பக்கமும் வைத்துக் காலைக் கட்டினார். குற்றாலத்திலிருந்து வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, அவரைத் தூக்கிப் படுக்க வைத்தோம்.

அவருக்கு நினைவிருந்தது. “நீங்க போங்க டாக்டரம்மா” என்றார். “அங்கன யாருக்கோ பிரசவம்லா இருக்கும்.”

போகாமல் இருக்க முடியாது. தன் கார் மோதிய மனிதரைக் கண்டக்டர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போவதா, கை வெளியே வந்த பிள்ளையையும் தாயையும் விட்டுவிடுவதா என்று நடுரோட்டில் யோசிக்க அவருக்கு ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் அதிகம். போனோம். இலஞ்சியில் இரண்டு உயிரும் பிழைத்தன. எல்லாம் முடிந்து டாக்டரம்மா கை கழுவினார். அந்த வீட்டார் சந்தோஷமாகத் தட்டில் சர்க்கரை கொண்டுவந்து நீட்டினார்கள். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, முழுங்க முடியாமல் நின்றார்.

மறுநாள் விசாரிக்க வந்த ஏட்டையா செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவருடைய பேரன் அந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவன். “சைக்கிள்காரன் நடுரோட்டுல வந்திருக்கான். அவனே சொல்லிட்டான், தப்பு தன் பேர்லதான்னு” என்றார்.

“அவர் சொல்லுததை விடுங்க. நான் பாக்கல. ரோட்டுல ஒரு ஆள் வந்தது எனக்குத் தெரியல. அதை எழுதுங்க.”

“சூரியன் மூஞ்சியில அடிச்சா யாருக்கும்மா தெரியும்? கேசு கோர்ட்டுன்னு நீங்க அலைஞ்சா இந்த ஊருல பொம்பளைக எங்கன போவாங்க?”

டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார். ஏட்டையா மூன்று தடவையும் தலையாட்டிவிட்டு, அதை எழுதாமலே போனார். அந்த வாரம் முழுக்க ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தேங்காய், வாழைத்தார், நெல் என்று கொண்டுவந்து வைத்து, “மனச விட்டுராதீங்க” என்றார்கள். அடிபட்டவரின் மனைவிகூட வந்து, “அவருக்கு நேரஞ் சரியில்ல, நீங்க என்ன செய்வீங்க” என்று டாக்டரம்மாவுக்கு ஆறுதல் சொன்னாள். அவள் போன பிறகு டாக்டரம்மா என்னிடம், “ஒருத்தராவது என்னைத் திட்டினா நல்லா இருக்கும் பிள்ள” என்றார்.

இனிமேல் கார் ஓட்டப்போவதில்லை என்று சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். ஒரு நாள்கூட அது என்னிடம் இருக்கவில்லை. குற்றாலத்திலிருந்து ஆள் வந்தது. குதிரை வண்டியில் போனால் ஒரு மணி நேரம். டாக்டரம்மா கையை நீட்டினார், சாவியைக் கொடுத்தேன். அதே ரோடுதான், வேறு வழி கிடையாது. எண்ணெய்க் கறை காயாமல் கிடந்த அந்த இடத்தில் கார் நடக்கிற வேகத்தில் போனது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அந்த இடத்தைத் தாண்டி அரை மைல் போன பிறகுதான் அவர் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ நூறு தடவை அந்த இடத்தைத் தாண்டியிருக்கிறோம். ஒரு தடவைகூட அவர் மூச்சை அடக்காமல் தாண்டியதில்லை.

பத்து நாள் கழித்து அவருடைய மேஜைமேல் அந்தக் கண்ணாடி டப்பா திறந்து கிடந்தது.

“வா பிள்ள, ஒரு வேலை இருக்கு. நம்ம தோட்டக்காரரை அவரோட சைக்கிள்ல மேலகரத்துக்கு வரச் சொல்லியிருக்கேன்” என்றார்.

வேலை இதுதான். எண்ணெய்க்காரர் அடிபட்ட அதே இடத்தில், அதே நேரத்துக்கு, நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நிற்க வேண்டும். டாக்டரம்மா காரைத் தென்காசிப் பக்கம் வெகுதூரம் கொண்டுபோய்த் திருப்பி, என்னை நோக்கி ஓட்டி வருவார். நான் கண்ணில் பட்டதும் நிறுத்துவார். இறங்கி, காரிலிருந்து என்வரைக்கும் காலடியை எண்ணிக்கொண்டு நடந்து வருவார். முதலில் வெறுங்கண். அடுத்தது கறுப்புக் கண்ணாடி. இரண்டையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். அந்தக் கண்ணாடியைப் போட்டிருந்தால் எண்ணெய்க்காரரைப் பார்த்திருப்போமா என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு யாரும் விசாரிக்க மறுத்துவிட்டதால், அவரே விசாரித்தார்.

வயலில் களை எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து நின்று பார்ப்பார்கள். “ஏட்டி, டாக்டரம்மாவுக்கு என்ன ஆச்சு? உன்னையப் போட்டு எதுக்கு இங்கன நிறுத்துதாங்க?” என்று ஒருத்தி கேட்டாள். கார் என்னை நோக்கி வரும். அவர் நிறுத்திவிடுவார் என்று தெரியும். நிறுத்தாமல் இருந்ததே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சைக்கிளை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். வெறுங்கண்ணோடு வரும்போது அவருடைய சுருங்கிய கண்கள் எனக்கு நன்றாகத் தெரியும், அவருக்குத்தான் நான் தெரிய மாட்டேன். எனக்கு முதுகுப் பக்கம் சூரியன். அவருக்கு எதிரே.

ஆனியும் ஆடியும் இப்படியே போயின. ரோடு காய்ந்து கிடந்த நாட்களில் கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் காலடிக் கணக்கில் பெரிய வித்தியாசமில்லை. “சூரியன் நேரா கண்ணுல விழுந்தா இது ஒண்ணும் செய்யாது. கொஞ்சம் இருட்டாக்குது, அவ்வளவுதான்” என்றார். அதைச் சொன்னபோது அவர் முகம் லேசாகத் தெளிந்தது. என் முகமும்தான்.

ஆடிக் கடைசியில் ஒரு நாள் சாரல் விழுந்து நின்று வெயில் அடித்தது. வெறுங்கண்ணோடு வந்தபோது, பதினெட்டுக் காலடி தூரத்தில்தான் காரை நிறுத்தினார். பம்பர் என்மேல் இடித்துவிடும் என்றே நினைத்தேன். கண்ணாடியோடு வந்தபோது எங்கேயோ தூரத்தில், ஒரு பனைமரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். இறங்கி எண்ணிக்கொண்டு வந்தார். தொண்ணூறைத் தாண்டியது. நம்பாமல் இன்னொரு தடவை செய்தார், மூன்றாவது தடவையும் செய்தார். பிறகு காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். மறுபடி சாரல் தொடங்கியது. நான் சைக்கிளோடு நனைந்துகொண்டே நின்றேன். அவர் கூப்பிடவே இல்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்ததும் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

“அன்னைக்கு ரோடு நனைஞ்சிருந்துதா, காஞ்சிருந்துதா? எவ்வளவோ யோசிச்சுப் பாக்கேன். அந்த வெளுப்புதான் ஞாபகம் வருது. ரோடு வரமாட்டேங்குது.”

குற்றாலத்துச் சாரல் அப்படி. ஒரு பர்லாங்குக்கு இந்தப் பக்கம் விழும், அந்தப் பக்கம் புழுதி பறக்கும். அதனால் அவருக்கு அந்தச் சந்தேகம்.

“நீ முழங்கால் போட்டு உக்காந்திருந்தே. எந்திரிக்கும்போது உன் சேலை நனைஞ்சிருந்துது.”

“அது எண்ணெய் டாக்டரம்மா. ரோடு காஞ்சுதான் கெடந்துது.”

“யார் பாத்தா?”

“நான் பாத்தேன்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் வயிறாரச் சாப்பிட்டதாகச் சமையல்கார அம்மா சொன்னாள்.

அந்தச் சேலையைத் துவைத்தவள் நான். எண்ணெயும் இருந்தது. அதைவிட, முழங்கால் தொடங்கித் தொடைவரைக்கும் சேற்றுத் தண்ணீர் ஊறியிருந்தது. அதை நான் சொல்லியிருந்தால், கண்ணாடி டிராயருக்குள் போன கதையும் கூடவே வந்திருக்கும். அதை உள்ளே போக வைத்த சிரிப்பும் வந்திருக்கும். அவரைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பொய்க்குப் பிறகு என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. திருநெல்வேலியில் சர்க்கார் வேலைக்கு உத்தரவு வந்தது. அப்பா நேரில் வந்து கூப்பிட்டார். போகவில்லை. நான் இல்லாத நேரத்தில் டாக்டரம்மா வேறு யாரிடமாவது ரோட்டைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்ற பயம். பஸ் கண்டக்டர் இருந்தார், ரோட்டோரத்தில் வயல்காரர்கள் இருந்தார்கள். அவர் யாரிடம் பேச நின்றாலும் நானும் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

எண்ணெய்க்காரர் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் கிடந்து கார்த்திகையில் வீடு திரும்பினார். காலை எடுக்கவில்லை, ஆனால் முழங்கால் மடங்காது. வழுக்குப் பாறையில் நின்று இன்னொருவருக்கு எண்ணெய் தேய்க்க இனி முடியாது. டாக்டரம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். அவருடைய மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து, கட்டை அவிழ்த்துக் காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க்காரருக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

“உங்க முகம் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது டாக்டரம்மா. என்னையப் பாத்துட்டீங்கன்னுதான் நெனச்சேன். என் பக்கத்துல ஒரே தண்ணியாத் தேங்கிக் கெடந்துது. பெட்டி நனைஞ்சிரும்னு நடுவுல ஏறினேன். டாக்டரம்மா வண்டிதானே, நின்னு போவாங்கன்னு.”

டாக்டரம்மாவின் கை நின்றது. “தண்ணியா?”

“ஆமா, அப்பத்தானே சாரல் விட்டுச்சு. ரோடு பூரா பளபளன்னு கெடந்துதுல்லா.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பவில்லை. கட்டைக் கட்டி முடித்தார். காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். “அடுத்த வாரம் வாரேன் அண்ணாச்சி” என்று எழுந்தார்.

நேரே ஊருக்குப் போகவில்லை. கிழக்கே கொஞ்ச தூரம் போய்த் திருப்பி, மேற்குப் பார்த்து நிறுத்தினார். மத்தியானம் பெய்த மழையில் ரோடு நனைந்து கிடந்தது. மேகம் விலகி வெயில் வந்திருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அதுவரை நான் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

“போட்டுப் பாரு.”

போட்டேன். கொதித்த பாலின் ஆடையை எடுத்துவிட்டாற்போல ரோட்டின்மேல் கிடந்த வெளுப்பு போய்விட்டது. கீழே கறுப்புத் தார் தெரிந்தது. வைக்கோல் துணுக்குகள், சாணி, தூரத்தில் குறுக்கே போகிற ஒரு கோழி, எல்லாம் தெரிந்தன.

“எதுவரைக்கும் தெரியுது?”

“அந்தப் பனைமரம் வரைக்கும்.”

“கழட்டு. இப்போ?”

“ஒண்ணும் தெரியல டாக்டரம்மா.”

அவர் நோட்டை எடுத்து, ஆடி மாதத்தில் எழுதியிருந்த ஒரு வரியை அடித்துவிட்டு, அதற்குக் கீழே எதையோ எழுதினார். எனக்கு அழுகை வந்தது. டப்பாவுக்குள் அதைப் போக வைத்தது நான்தான், நான் சிரிக்காமல் இருந்திருந்தால் நீங்கள் போட்டிருப்பீர்கள் என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “நீ சிரிச்சே. கழட்டி வச்சது நான்” என்றார். கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “சின்ன வயசுல இருந்து எத்தனையோ பேர் சிரிச்சிருக்காங்க. கார் ஓட்டுததை நான் விடலையே. இதை மட்டும் எதுக்கு விட்டேன்னுதான் தெரியல” என்றார். காரைக் கிளப்பினார். அதற்கப்புறம் என்னை நடுரோட்டில் நிறுத்தவே இல்லை.

பகலில் கார் எடுத்தால் அந்தக் கண்ணாடி அவர் முகத்தில் இருக்கும். பின்னால் என்ன பேரெல்லாம் வைத்தார்களோ, அவர் கவலைப்படவில்லை. மனைவியின் பிரசவத்துக்கு வந்த பஸ் டிரைவர் ஒருவர் தயங்கித் தயங்கி அதைப் பற்றிக் கேட்டார். “விலை ஜாஸ்தின்னு சொல்லுதாங்க. வாங்கினா பிரயோஜனம் உண்டா டாக்டரம்மா? கண்கூச்சம் தாங்கல.” காத்திருந்த பெண்களை எல்லாம் மறந்து டாக்டரம்மா நோட்டை எடுத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொன்னார். ரோடு நனைஞ்சிருந்தா, பக்கத்துல குளமோ தண்ணி கட்டின வயலோ இருந்தா, நல்லாவே உதவும். சூரியன் நேரா கண்ணுல அடிச்சா இதை நம்பாதீங்க, வண்டிய மெதுவா விடுங்க. மேகமூட்டத்துக்கு வேண்டாம். இருட்டினா கண்டிப்பா கழட்டிருங்க. டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இவ்வளவு எப்படித் தெரியும் டாக்டரம்மா?” என்றார். டாக்டரம்மா நோட்டை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எண்ணெய்க்காரருக்கு ஆஸ்பத்திரி வாசலில் வேலை கொடுத்தார். வருகிறவர்களுக்கு வரிசைச் சீட்டு கொடுத்து உட்கார வைக்கிற வேலை. அவர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, டாக்டரம்மா தனக்கு உயிர் கொடுத்த கதையை எல்லாரிடமும் சொல்வார். கார் மோதிய கதையைச் சொல்ல மாட்டார். எழுந்து உள்ளே வரும்போது அந்தக் கால் தரையில் இழுபடுகிற சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும். இப்படி ஆறு வருஷம் போனது. அறுபதுகளின் நடுப்பகுதி வந்துவிட்டது.

ஒரு நாள் எண்ணெய்க்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இங்கன ஒரு குறையுமில்ல தாயி. ஆனா அருவிச் சத்தமே கேக்காம ஒரு மனுசன் எப்படி இருக்கது? என் மச்சினன் அருவிக்கரையில பெட்டிக்கடை போடப் போறான். எண்ணெய், சீயக்காய், துண்டு விக்கலாம். உக்காந்து செய்யுத வேலைதான். என்னையக் கூப்பிடுதான்.”

“போங்களேன் அண்ணாச்சி.”

“டாக்டரம்மாகிட்ட எப்படிச் சொல்ல? நான் போனா அவங்க மனசு கேக்காது. அதுக்காகத்தானே இத்தனை நாளா இங்கன இருக்கேன்.”

நான்தான் போய்ச் சொன்னேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“எத்தனை நாளா போகணும்னு நெனச்சுக்கிட்டிருக்காராம்?”

“சேந்த மறுமாசத்துல இருந்தாம்.”

அவர் பேனா மூடியை எடுத்துத் திருகி மூடினார். பிறகு, “அந்தக் கால் இழுபடுத சத்தம் கேட்டா எனக்கு ஊசி போடக் கை வராது பிள்ள. அவருக்கு வேலை வேணுமேன்னு பொறுத்துக்கிட்டு இருந்தேன். அவர் எனக்காகப் பொறுத்துக்கிட்டு இருந்தாராமா?” என்றார். சிரிப்பதற்கும் அழுவதற்கும் நடுவில் அவர் முகம் கோணிக்கொண்டது.

மறுநாள் காலையில் அவரே எண்ணெய்க்காரரைக் காரில் ஏற்றினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். மேலகரம் தாண்டி அந்த இடம் வந்தபோது எண்ணெய்க்காரர் மச்சினன் கடையைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா மூச்சை அடக்கினாரா என்று எனக்குத் தெரியவில்லை, எண்ணெய்க்காரரின் பேச்சில் எதுவும் கேட்கவில்லை.

குற்றாலத்தில் சீசன் கூட்டம். கார் போகிறவரைக்கும் போய் நிறுத்தினோம். அருவி இரைகிற சத்தம் அங்கேயே கேட்டது. எண்ணெய்க்காரர் இறங்கி, தன் துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“பாத்துப் போங்க அண்ணாச்சி. பாறை வழுக்கும்.”

“எந்தப் பாறை எங்கன வழுக்கும்னு எனக்கா தெரியாது?” என்றார் அவர். கும்பிட்டார். காலை இழுத்துக்கொண்டு, ஈரத்துண்டோடு வருகிறவர்களை விலக்கி விலக்கிக் கீழே இறங்கிப் போனார். எங்களை ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தலை கூட்டத்தில் மறைகிறவரைக்கும் டாக்டரம்மா காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பிறகு என்னிடம், “பசிக்குது பிள்ள. ஏதாவது சாப்பிடுவோமா?” என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் வெளியே சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கேஸ் பார்க்கப்போன வீடுகளில் கொடுக்கிற காப்பியோடு சரி. ரோட்டோரத்து ஹோட்டலில் பெண்களுக்கென்று திரை போட்டு மறைத்த இடத்தில் உட்கார்ந்தோம். ரவா தோசை சொன்னார். சூடாக வந்தது. முழுதும் சாப்பிட்டார். இரண்டாவதும் சொல்லிச் சாப்பிட்டார். மூன்றாவதும் சொன்னார். அது வந்ததும் இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை எடுத்து என் இலையில் வைத்தார்.